எழுதப் படிக்கத் தெரியாத பிரான்சுவா தூர்த், வயலின் வில்லை மாற்றியது எப்படி?

வயலின் என்றதும் ஸ்ட்ராடிவாரி பெயர் சட்டென்று நினைவுக்கு வரும். இத்தாலியின் கிரெமோனா ஊரில் அவர் செய்த வயலின்கள் இன்றும் பல கோடி ரூபாய்க்குக் கைமாறுகின்றன. சரி, அந்த வயலினை வாசிக்க வலது கையில் பிடிக்கிறார்களே, ஒரு குச்சி, அதை இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தது யார் என்று கேட்டால், வயலின் வாசிப்பவர்களிலேயே பலர் யோசிப்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்ட்ராடிவாரி இறந்தது 1737-ல். இன்று அவருடைய வயலின்களை வாசிக்கப் பயன்படும் வில்லை அவர் தன் வாழ்நாளில் பார்த்ததே கிடையாது. அந்த வில்லுக்கு வடிவம் கொடுத்தவர் அவர் இறந்து சுமார் 10 ஆண்டுகள் கழித்துத்தான் பாரிஸில் பிறந்தார். பெயர் பிரான்சுவா சேவியர் தூர்த். பிறந்த ஆண்டு 1747 என்றும் 1748 என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

வில் உலகின் ஸ்ட்ராடிவாரி என்று இவரை அழைப்பது வழக்கம். உண்மையில் இந்தப் பட்டம் அவருக்குக் கொஞ்சம் குறைவுதான். ஸ்ட்ராடிவாரி கைக்கு வந்தபோது வயலின் ஏற்கெனவே முழு வடிவம் பெற்றிருந்தது, அவர் அதை மெருகேற்றினார். தூர்த் கைக்கு வந்தபோது வில் என்பது ஆளுக்கு ஒரு நீளம், ஊருக்கு ஒரு வளைவு என்ற நிலையில் இருந்தது. அவர் கையை விட்டுப் போனபோது அதற்கு ஓர் இலக்கணம் இருந்தது. 200 ஆண்டுகளாக அந்த இலக்கணத்தை யாரும் பெரிதாக மாற்றவில்லை.

கடிகாரக் கடையில் 8 ஆண்டுகள்

தூர்த்தின் அப்பா நிக்கொலா பியேர் தூர்த், பாரிஸில் வில் செய்பவர். அண்ணன் நிக்கொலா லெயோனாரும் அதே தொழில். அண்ணனை மூத்த தூர்த் என்றும், இவரை இளைய தூர்த் என்றும் பிரித்துச் சொல்வார்கள். குடும்பத் தொழில் கையில் இருந்தும், சின்னப் பையனாக இருந்தபோது இவரைக் கடிகாரம் செய்யும் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். சிறு வயதிலேயே பட்டறைக்குப் போய்விட்டதால் படிப்பு ஏறவில்லை. கடைசி வரை அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்கிறது அவரைப் பற்றிய பழைய வரலாறு.

கடிகாரப் பட்டறையில் 8 ஆண்டுகள். வருமானம் போதவில்லை. கடைசியில் அப்பாவின் தொழிலுக்கே திரும்பி வந்தார். வீணாகப் போன 8 ஆண்டுகள் என்று இதைச் சொல்லிவிட முடியாது. ஒரு மயிரிழை பிசகினாலும் ஓடாத பல்சக்கரங்களை ராவிப் பழகிய கை அது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக் கண்ணாலேயே பிடிக்கிற பழக்கம் வந்திருக்கும். உலோக வேலையும் தெரியும். வில்லில் பின்னாளில் அவர் வைத்த வெள்ளிப் பட்டையும், திருகாணியும், இழைத்த முத்துச்சிப்பியும் தச்சு வேலை மட்டும் தெரிந்தவரின் வேலைப்பாடாகத் தெரியவில்லை.

தொழிலுக்குத் திரும்பியவர் உடனே நல்ல மரத்தில் கை வைக்கவில்லை. கையைப் பழக்குவதற்காகச் சர்க்கரை வந்திறங்கிய பீப்பாய்களின் பலகைகளை வாங்கி, அதில் வில் செய்து பார்த்தார். அந்தக் காலத்தில் கரீபியன் தீவுகளிலிருந்து பிரான்சுக்குச் சர்க்கரை பீப்பாய் பீப்பாயாக வரும். காலியான பீப்பாய்க்கு என்ன விலை இருக்கப்போகிறது? அந்த வில்களை 20, 30 சூ காசுக்கு விற்றார். 20 சூ சேர்ந்தால்தான் ஒரு லீவ்ர். ஏறக்குறைய சில்லறை விலை.

பழைய வில்லில் என்ன குறை?

தூர்த் என்ன செய்தார் என்று புரிய, அதற்கு முன் வில் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். வில் என்ற பெயருக்கு ஏற்றபடி, ஆரம்ப கால வயலின் வில்லின் குச்சி வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. அம்பு எய்யும் வில்லை நினைத்துக்கொள்ளுங்கள், அதைப் போலத்தான். நாண் இருக்க வேண்டிய இடத்தில் குதிரை வால் முடி. பின்னாளில் குச்சி ஏறக்குறைய நேராக வந்தது. நுனித் தலை தாழ்வாக, கூராக இருக்கும். நீளமும் எடையும் குறைவு.

நடன இசைக்கும் சின்ன அறைகளில் வாசிக்கும் இசைக்கும் இது கச்சிதமாகப் பொருந்தியது. ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, தெளிவாக, லேசாக விழும். இன்றும் பழைய ஐரோப்பிய இசையைப் பழைய முறையில் வாசிப்பவர்கள் அந்த வில்லைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள். ஆகவே பழையது மட்டம் என்று நினைக்கக் கூடாது. அது வேறு வேலைக்கானது.

18-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் வேலையே மாறிப்போனது. கச்சேரிகள் அரண்மனை அறைகளிலிருந்து டிக்கெட் வாங்கி வரும் பொதுமக்களின் அரங்குகளுக்கு நகர்ந்தன. ஒலி கடைசி வரிசை வரை போய்ச் சேர வேண்டும். பாடகர் மூச்சு விடாமல் இழுப்பதைப் போல வயலினும் நீளமாக இழுக்க வேண்டும். ஒரே இழுப்பில் மெல்லிசாகத் தொடங்கி முழக்கமாக முடிக்க வேண்டும். பழைய வில்லில் நுனிப் பக்கம் போகப் போக பலம் குறையும். அழுத்தினால் முடி குச்சியில் போய் இடிக்கும்.

பலரும் இதற்கு வழி தேடினார்கள். ஜெர்மனியில் பிறந்து லண்டனில் புகழ்பெற்ற வில்ஹெல்ம் கிராமர் என்ற வயலின் கலைஞரின் பெயரால் ஓர் இடைக்கால வில் ஐரோப்பா முழுக்கப் பரவியிருந்தது. அதில் நுனித் தலை உயர்ந்துவிட்டது, குச்சி லேசாக உள்பக்கம் வளையத் தொடங்கிவிட்டது. அதாவது, தூர்த் எல்லாவற்றையும் சூனியத்திலிருந்து படைக்கவில்லை. பாதி வழி வந்திருந்த ஒன்றை முடித்துவைத்தார்.

தலைகீழாக ஒரு வளைவு

முக்கியமான விஷயம் இந்த வளைவுதான். தூர்த் வில்லில் குச்சி முடியை நோக்கி உள்பக்கமாக வளைந்திருக்கும். முடியை முறுக்கும்போது வளைந்த குச்சி நேராக நிமிரப் பார்க்கும், ஆனால் முழுக்க நிமிராது. அந்த இழுபறியில் குச்சி ஒரு ஸ்பிரிங் ஆகிவிடுகிறது. வில்லின் அடியில் அழுத்தினாலும் நுனியில் அழுத்தினாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி பலம் கிடைக்கும். துள்ளவிட்டால் துள்ளும். தந்தியில் உட்காரவைத்தால் உட்காரும்.

இந்த வளைவை எப்படிக் கொண்டுவருவது? பலகையிலிருந்து வளைவாகவே அறுத்து எடுப்பது ஒரு வழி. பலர் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் அப்படி அறுத்தால் மரத்தின் நார் குறுக்கே வெட்டுப்படும். நார் வெட்டுப்பட்ட இடத்தில் குச்சி பலவீனம். தூர்த் குச்சியை முதலில் நார் ஓடும் போக்கிலேயே நேராக எடுத்தார். பிறகு நெருப்பில் காட்டி வளைத்தார். மேல்தோல் மட்டும் சூடானால் கொஞ்ச நாளில் குச்சி பழையபடி நிமிர்ந்துவிடும். உள்நார் வரை சூடு ஏறிய பிறகு வளைத்தால் அந்த வளைவு நிலைக்கும். கருக்கிவிடாமல் உள்ளே வரை சூடேற்றுவதில்தான் மொத்தக் கைப்பக்குவமும் இருக்கிறது. இன்றைக்கும் உலகெங்கும் நல்ல வில் செய்பவர்கள் இதையேதான் செய்கிறார்கள்.

உள்பக்கம் வளைந்தால் நடுவில் குச்சி முடியை நெருங்கும். அதனால் நுனித் தலையை உயர்த்த வேண்டும். கோடரி மாதிரி இருக்கும் அந்தத் தலை அப்படி வந்ததுதான். தலை பெரிதானால் நுனி கனக்கும். அதைச் சமன் செய்ய, கை பிடிக்கும் பக்கத்தில் எடை சேர்க்க வேண்டும். அங்கே முடியைப் பிடித்திருக்கும் கருங்காலிக் கட்டைக்கு ஃப்ராக் என்று பெயர். அதில் வெள்ளி ஏறியது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசையும், அதைச் சரிசெய்தால் மூன்றாவது அசையும். கடிகாரம் மாதிரிதான்.

நீளத்தையும் அவர் முடிவு செய்தார். வயலின் வில் 74 முதல் 75 சென்டிமீட்டர். வயோலாவுக்கு 74. செல்லோவுக்கு 72 முதல் 73. வயலின் வில்லை விரலில் நிறுத்திப் பார்த்தால், ஃப்ராக்கிலிருந்து சுமார் 19 சென்டிமீட்டர் தள்ளி அது தராசு முள் மாதிரி சமநிலையில் நிற்கும்.

வியோத்தி என்ன சொன்னார்?

1782-ல் ஜொவான்னி பத்திஸ்தா வியோத்தி என்ற இத்தாலிய வயலின் கலைஞர் பாரிஸுக்கு வந்தார். வயது 26. முதல் கச்சேரியிலேயே ஊர் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. அவருக்குப் பின் வந்த குரைட்ஸர், ரோத், பயோ ஆகியோர் வழியாக பிரெஞ்சு வயலின் பாணி என்பதே அவரிலிருந்து தொடங்கியது. பாடுவதைப் போன்ற நீண்ட இழுப்பும் கம்பீரமான நாதமும் அவருடைய அடையாளம்.

இந்த வியோத்திதான் தூர்த்துக்கு யோசனை சொன்னார் என்பது நீண்ட காலமாகச் சொல்லப்படும் செய்தி. குறிப்பாக முடி விஷயத்தில். வாசிக்கும்போது முடிக்கற்றை ஒன்றுசேர்ந்து உருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். தந்தியில் படும் பரப்பு குறைந்துவிடும். முடியை ரிப்பன் மாதிரி தட்டையாக, அகலமாக நிறுத்த முடியாதா என்பதுதான் வியோத்தியின் கவலை. தூர்த் ஃப்ராக்கின் வாயில் அரைவட்ட வெள்ளிப் பட்டை ஒன்றைப் பொருத்தி, அதற்குள் சின்ன மர ஆப்பு வைத்து முடியைப் பரப்பினார். அடியில் முத்துச்சிப்பித் தகடு ஒன்றைச் சொருகி முடி நுழையும் இடத்தை மூடினார். எந்த வயலின் வில்லைக் கையில் எடுத்தாலும் இந்த இரண்டையும் பார்க்கலாம்.

வியோத்தி எவ்வளவு சொன்னார், தூர்த் எவ்வளவு தானாகக் கண்டுபிடித்தார் என்று இன்று யாராலும் கோடு கிழிக்க முடியாது. வாசிப்பவருக்குக் கையில் எது இடறுகிறது என்று தெரியும். செய்பவருக்கு மரம் எதற்கு இணங்கும் என்று தெரியும். இரண்டும் சேர்ந்ததுதான் நடந்தது. அண்ணன் லெயோனாரின் பங்கும் இதில் குறைத்துச் சொல்லப்பட்டிருக்கிறது என்று இப்போது வில் ஆராய்ச்சியாளர்கள் பேசுகிறார்கள். வியோத்தி 1792-ல் புரட்சிக் கொந்தளிப்புக்குப் பயந்து லண்டனுக்குப் போய்விட்டார். பின்னாளில் ஒயின் வியாபாரம்கூடச் செய்தார், அது தனிக்கதை.

இதே காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கம், இங்கிலாந்தில், ஜான் டாட் என்பவர் ஏறக்குறைய இதே மாதிரி உள்வளைவு வில்லைத் தனியாகச் செய்துகொண்டிருந்தார். தூர்த்தைவிடச் சில வயது இளையவர். தொழில் ரகசியத்தை யாருக்கும் சொல்லித்தரவில்லை. அவருடைய நல்ல வில்கள் அற்புதம், ஆனால் பலவும் நீளத்தில் குட்டை, ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. 1839-ல் ரிச்மண்டில் ஏழைகளுக்கான விடுதியில் இறந்துபோனார். ஒரே கேள்விக்கு ஒரே விடையைத் தொட்ட இருவரில் ஒருவருடைய அளவு உலகத்தின் அளவாக மாறியது. இன்னொருவருடைய பெயர் வில் சேகரிப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

சாய மரத்தில் கிடைத்த நாதம்

வளைவு, நீளம், எடை எல்லாம் சரி. இதைத் தாங்கும் மரம் வேண்டுமே? மெலிதாகச் சீவினாலும் உடையக் கூடாது, வளைத்தால் நிலைக்க வேண்டும், ஆனால் கனக்கக் கூடாது. தூர்த் பல மரங்களை முயன்று பார்த்து, கடைசியில் பெர்னாம்புகோ மரத்தில் வந்து நின்றார். பிரேசிலின் பெர்னாம்புகோ பகுதியிலிருந்து கப்பலில் வந்ததால் அந்தப் பெயர். வில் செய்வதற்காக யாரும் அதை இறக்குமதி செய்யவில்லை. துணிக்குச் சிவப்புச் சாயம் போடுவதற்காக வந்தது அது.

இந்த மரத்தின் பெயரிலிருந்துதான் பிரேசில் நாட்டுக்கே பெயர் வந்தது. நமக்கும் இதில் ஒரு தொடர்பு இருக்கிறது. ஐரோப்பியர்கள் அமெரிக்கக் கண்டத்தை அறிவதற்கு முன்பே, ஆசியாவிலிருந்து போன ஒரு சிவப்புச் சாய மரத்தை அவர்கள் பிரேசில் கட்டை என்று அழைத்தார்கள். அது நம்முடைய பதிமுகம். கேரளத்தில் குடிக்கிற தண்ணீரில் போட்டு இளஞ்சிவப்பாக்கித் தருவார்களே, அதேதான். போர்ச்சுக்கீசியர்கள் புதிய கண்டத்தில் அதே மாதிரி சாயம் தரும் மரத்தைப் பார்த்ததும் பழைய பெயரை அதற்கு வைத்துவிட்டார்கள். இரண்டும் தாவரவியலில் நெருங்கிய உறவு.

சாயக்காரருக்கு மரம் கோணலாக இருந்தால் என்ன, வெடிப்பு இருந்தால் என்ன, பொடியாக்கி ஊறவைக்கப் போகிறார். வில் செய்பவருக்கு அப்படி இல்லை. முடிச்சு இல்லாமல், வெடிப்பு இல்லாமல், நார் நேராக ஓடும் துண்டு வேண்டும். ஆயிரக்கணக்கான கிலோ கட்டைகளைப் பிளந்து பார்த்தாலும் வில்லுக்கு உகந்த துண்டுகள் மிகச் சிலதான் தேறும். இதற்கு நடுவில் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் போர். ஆங்கிலக் கப்பல்கள் கடல்வழியை மறித்தன. மரம் வருவது குறைந்தது, விலை ஏறியது. கிடைத்ததில் பெரும்பகுதியைக் கழித்துக் கட்ட வேண்டிய தொழிலில் விலையும் ஏறினால் என்ன ஆகும்? தூர்த் வில்களின் விலைக்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த விலை எவ்வளவு? தங்க வேலைப்பாடும் ஆமை ஓட்டு ஃப்ராக்கும் வைத்த வில்லுக்கு 12 லூயி, அதாவது சுமார் 240 பிராங்க். வெள்ளியும் கருங்காலியும் வைத்ததற்கு மூன்றரை லூயி. அலங்காரம் எதுவும் இல்லாததற்கு 36 பிராங்க். சர்க்கரைப் பீப்பாயில் செய்து சில்லறைக்கு விற்ற அதே ஆள்தான்.

மகள் பொறுக்கிய முடி

தூர்த்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் தகவல்களில் பெரும்பகுதி ஒரே இடத்திலிருந்து வருகிறது. பெல்ஜிய இசை ஆய்வாளர் ஃபெத்தி 1856-ல் ஸ்ட்ராடிவாரியைப் பற்றி வெளியிட்ட நூலில் தூர்த்துக்கும் ஒரு பகுதி ஒதுக்கினார். தகவல் கொடுத்தவர் பாரிஸின் புகழ்பெற்ற வயலின் செய்பவர் வுய்யோம். தூர்த் இறந்து 21 ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டது. எழுதத் தெரியாத ஒருவர் தன்னைப் பற்றி எதையும் எழுதிவைக்கவில்லை என்பதால், இதை விட்டால் வேறு வழியில்லை. கொஞ்சம் புகழ்ச்சி கலந்திருக்கும் என்று வைத்துக்கொண்டே படிக்க வேண்டும்.

அந்த வரலாற்றின்படி, லூவர் அரண்மனைக்கும் பொன் நஃப் பாலத்துக்கும் பக்கத்தில், சேன் நதிக்கரையில், கே த லெகோல் தெருவில் 10-ம் எண் வீடு. நான்காவது மாடியில் பட்டறை. விடியற்காலையில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுந்திருப்பார். ஒரே பொழுதுபோக்கு மீன்பிடிப்பது. அந்தி சாய்ந்ததும் தூண்டிலோடு சேன் நதிக்குப் போய்விடுவார்.

குச்சியைத் தேய்த்து முடித்ததும் வார்னிஷ் பூசமாட்டார். நுரைக்கல் பொடியை எண்ணெயில் குழைத்துத் தேய்ப்பதோடு சரி. தன் பெயரை முத்திரையாகக் குத்துவதும் இல்லை. சின்னக் குறை தெரிந்தாலும் அந்த வில்லை வெளியே விடமாட்டார், உடைத்துவிடுவார். அந்த மரத்தின் விலையை நினைத்துப் பார்த்தால் அந்தப் பிடிவாதத்தின் கனம் தெரியும்.

முடிக்கு பிரெஞ்சுக் குதிரைகளின் வாலைத்தான் விரும்பினார். அது கனமாகவும் உறுதியாகவும் இருக்கும் என்பது அவர் எண்ணம். சோப்புத் தண்ணீரில் அலசி, தவிட்டு நீரில் கழுவி, கடைசியில் நீலம் போட்ட தண்ணீரில் முக்கி எடுப்பார். நம் வீடுகளில் வெள்ளைத் துணிக்கு நீலம் போடுவதைப் போலத்தான். பிறகு தரம் பிரிக்கும் வேலை. அதைச் செய்தவர் அவருடைய மகள். ஒவ்வொரு முடியாக எடுத்து, முதலிலிருந்து கடைசி வரை ஒரே உருண்டையாக, ஒரே பருமனாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்தில் ஒன்றுதான் தேறும். நாள் முழுக்க இதே வேலை. பல்லாயிரம் முடிகளைப் பொறுக்கிய அந்தப் பெண்ணின் பெயர் அந்தக் கதையில் இல்லை, தூர்த்தின் மகள் என்பதோடு முடிந்துவிடுகிறது. வில்லின் தரத்தில் பாதி அவர் விரல்களில் இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

85 வயது வரை தூர்த் வேலை செய்தார். முத்திரை குத்தாதவர் முதுமையில் மட்டும் ஓரிரு வில்லின் உள்ளே சின்னத் துண்டுச் சீட்டு வைத்தார். தூர்த் 1824-ல் 77 வயதில் செய்தது என்று அதில் குறிக்கப்பட்டிருக்கிறது. எழுதத் தெரியாதவர் சொல்ல, வேறு யாரோ எழுதியிருக்க வேண்டும். வெளியே தெரியாத இடம், வில்லைப் பிரித்தால்தான் தெரியும். 1835 ஏப்ரலில் பாரிஸில் இறந்தார்.

கணக்கு பின்னால் வந்தது

தூர்த் மறைந்த பிறகு வுய்யோம் அவருடைய பல வில்களை எடுத்து அளந்து பார்த்தார். வயலின் வில்லின் குச்சி சுமார் 70 சென்டிமீட்டர். கை பிடிக்கும் பக்கம் முதல் 11 சென்டிமீட்டர் ஒரே பருமன், 8.6 மில்லிமீட்டர். அங்கிருந்து நுனி வரை மெலிந்துகொண்டே போய் 5.3 மில்லிமீட்டரில் முடிகிறது. ஆச்சரியம் என்னன்னா, இந்த மெலிவு தோராயமாக இல்லை. ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் போகிறது. அதை வடிவியல் முறையில் வரைந்து காட்ட முடிந்தது. கணிதத்தில் மடக்கை வளைகோடு என்று சொல்வது அது. ஒரு வில்லில் தற்செயலாக அமையலாம். வில்லுக்கு வில் அதே விகிதம் வந்தால் தற்செயல் என்று சொல்ல முடியாது. எண்ணை எழுதத் தெரியாதவர் கைவிரல்களாலும் கண்ணாலும் அந்த வளைகோட்டைப் பிடித்திருந்தார்.

அவர் காலத்திலேயே வயலின் நம் ஊருக்கும் வந்துவிட்டது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பிய இசைக்கலைஞரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். அவர் பிறந்தது 1786, தூர்த் தன் வில்லை வடித்துக்கொண்டிருந்த ஆண்டுகள். இன்றைக்குச் சபாக்களில் பக்கவாத்தியமாக வாசிக்கப்படும் வயலினின் வில்லும் தூர்த் வகுத்த வடிவத்தில்தான் இருக்கிறது.

அப்படின்னா நல்ல வில்லை எப்படித் தேர்ந்தெடுப்பது?

தூர்த் கவலைப்பட்ட அதே விஷயங்களைத்தான் இன்றும் பார்க்க வேண்டும். ஃப்ராக் பக்கத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்து, நுனி வரை துப்பாக்கி குறி பார்ப்பதைப் போலப் பாருங்கள். குச்சி இடப்பக்கமோ வலப்பக்கமோ கோணக் கூடாது. முடியை முறுக்கிய பிறகும் ஒருமுறை பாருங்கள், சில வில்கள் அப்போதுதான் கோணும். முறுக்கினாலும் நடுவில் உள்வளைவு மிச்சம் இருக்க வேண்டும். குச்சி முழுக்க நேராகிவிட்டால் ஒன்று முறுக்கு அதிகம், அல்லது குச்சி தளர்ந்துவிட்டது.

எடை, வயலினுக்கு சுமார் 60 கிராம். வயோலாவுக்கு 70, செல்லோவுக்கு 80 கிராம் அளவில் இருக்கும். ஆனால் கடையில் தராசை மட்டும் நம்பாதீர்கள். 60 கிராம் வில் ஒன்று நுனி கனத்தால் கைக்கு 65 மாதிரி தெரியும். எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதே முக்கியம். தூர்த்தின் 19 சென்டிமீட்டர் கணக்கு இதற்குத்தான்.

அதற்கு மேல் கண் உதவாது, காதும் கையும்தான். உங்கள் வயலினையே கடைக்குக் கொண்டுபோங்கள். ஒரே வில் ஒரு வயலினில் இனிமையாகவும் இன்னொன்றில் கரகரப்பாகவும் ஒலிக்கும். வில்லை மெதுவாக, அடியிலிருந்து நுனி வரை இழுத்துப் பாருங்கள். நடுவில் நடுங்கினால் யோசியுங்கள். மேற்கத்திய இசை வாசிப்பவர் வில்லைத் துள்ளவிட்டுப் பார்க்க வேண்டும். கர்நாடக இசைக்கு ஒரே இழுப்பில் பல சுரங்களும் கமகங்களும் வரும், சுருதி தாழ்ந்திருந்தால் தந்தியும் தளர்வாக இருக்கும். ஆகவே துள்ளலைவிட நிதானமாக உட்காரும் வில் பொருந்தும். மூன்று நான்கு வில்களை மாற்றி மாற்றி வாசித்த பிறகு முடிவு செய்வது நல்லது. விலைச் சீட்டைக் கடைசியில் பாருங்கள்.

ஆரம்ப நிலைப் பிள்ளைகளுக்குப் பெர்னாம்புகோ தேவையே இல்லை. கார்பன் ஃபைபர் வில் இப்போது நன்றாகவே இருக்கிறது. வெயிலுக்கும் ஈரத்துக்கும் வளையாது, கீழே விழுந்தாலும் சட்டென்று உடையாது. மரம்தான் வேண்டும் என்றால் விலை குறைந்த வேறு பிரேசில் மரங்களிலும் வில் கிடைக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. சாயத்துக்காக நூற்றாண்டுக்கணக்கில் வெட்டப்பட்டதாலும், பிரேசிலின் அட்லாண்டிக் காடுகள் அழிக்கப்பட்டதாலும் பெர்னாம்புகோ இன்று அழியும் நிலையில் இருக்கிறது. வில் தொழிலுக்குத் தேவைப்படுவது கொஞ்சம்தான், ஆனால் அது மிகச் சிறந்த மரங்களாகப் பார்த்துத் தேடுகிறது. 2007-ல் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இந்த மரம் சேர்ந்தது. கட்டைக்கும் அரைகுறையாகச் செய்த வில்லுக்கும் அனுமதிச் சீட்டு கட்டாயமானது. 2022-ல் பிரேசில் இன்னும் கடுமையான தடையைக் கேட்டது. இசைக் கலைஞர்களும் வில் செய்பவர்களும் கவலையோடு எதிர்த்தார்கள். முழுத் தடை வரவில்லை, ஆனால் பிரேசிலிலிருந்து ஏற்றுமதியாகும் முழுமையான வில்லுக்கும் அனுமதி தேவை என்று விதி இறுகியது. மரம் கிடைக்காமல் தூர்த் திண்டாடிய காலத்தில் காரணம் போர்க்கப்பல்கள். இப்போது காரணம் காடே மிச்சமில்லை என்பது.

மரத்தைத் தேர்ந்தெடுக்க இப்போது கருவியும் வந்துவிட்டது. இத்தாலிய வில் தயாரிப்பாளர் ஜொவான்னி லூக்கி உருவாக்கிய கருவி, கட்டைக்குள் ஒலி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளந்து சொல்லும். வேகம் அதிகமானால் விறைப்பு அதிகம். தூர்த் தட்டிப் பார்த்தும் வளைத்துப் பார்த்தும் கண்டுபிடித்ததை அது எண்ணாகக் காட்டுகிறது.

தூர்த் செய்த வில்கள் ஏலங்களில் கோடி ரூபாயைத் தாண்டிப் போகின்றன. கண்ணாடிப் பெட்டியில் வைப்பதற்காக மட்டும் வாங்குவதில்லை, மேடையில் வாசிக்கிறார்கள். ஒரு வயலின் வில்லில் 150 முதல் 200 முடிகள் இருக்கும், நிறைய வாசிப்பவர்கள் ஆறு மாதத்துக்கோ ஓர் ஆண்டுக்கோ ஒருமுறை அவற்றை மாற்றிவிடுவார்கள். குச்சி மட்டும் அப்படியே இருக்கும்.